முதல் அரை மராத்தான்: பேஸ் தவறினால், ஷூ கடித்தால் எங்கே பார்க்க வேண்டும்

ஷூ கடித்தால் புது ஷூ, கால் வலித்தால் விலை கூடின ஷூ, நேரம் தவறினால் அதைவிட விலை கூடின ஷூ. முதல் அரை மராத்தானுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசையோ தலைகீழ்: முதலில் லேஸ், அடுத்து சாக்ஸ், பிறகு ஓடும் வேகம், கடைசியில்தான் பர்ஸ்.

உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் தீர்வது முதலில், செலவு வைப்பது பிறகு, மருத்துவரோ பிசியோவோ (இயன்முறை சிகிச்சையாளர்) பார்க்க வேண்டிய கட்டம் கடைசியில். செப்டம்பரில் பயிற்சி தொடங்கி ஜனவரியில் சென்னையில் ஓடுகிறவரை மனதில் வைத்து எழுதியது. அதாவது புழுக்கம், நடுவில் வடகிழக்குப் பருவமழை, மேடு பள்ளம் அதிகமில்லாத சாலை.

## வாட்ச் "சரி" என்கிறது, கட்-ஆஃப் மட்டும் தவறுகிறது

கட்-ஆஃப் என்பது ஓட்டத்தை முடிக்க அமைப்பாளர்கள் விதிக்கும் கடைசி நேரம். ஓட்டப் பயிற்சியில் குறையே இல்லாமல் கணக்கில் மட்டும் தோற்பவர்கள் நிறைய. நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஆட்டோ பாஸ். தண்ணீர் குடிக்க நின்றால் வாட்சும் நின்றுவிடும்; பந்தயக் கடிகாரம் நிற்காது. ஏழு இடங்களில் அரை நிமிடம் நின்றாலே மூன்றரை நிமிடம் காணாமல் போகும். செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள், பயிற்சியிலும்.

தூரம். அரை மராத்தான் 21.0975 கி.மீ. வளைவுகளை வெளிப்பக்கமாகச் சுற்றி, கூட்டத்தை விலக்கி ஓடுவதால் உங்கள் வாட்சில் 21.3, 21.4 வரை வரும். அதனால் பேஸ் கணக்கை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், விநாடி என்பதை, 21.4-க்குப் போடுங்கள். 3 மணி 15 நிமிடத்தில் முடிக்க, காகிதக் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 9:15 போதும். வாட்சில் 9:07 காட்ட வேண்டும்.

யாருடைய கடிகாரம். நீங்கள் அணியும் சிப் பதிகிற நேரம், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது தொடங்கும். கட்-ஆஃபைப் பல ஓட்டங்களில் துப்பாக்கி நேரத்திலிருந்து, அதாவது ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் நொடியிலிருந்து, எண்ணுவார்கள். பின்வரிசையில் நின்று ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டினால், அந்த ஐந்தும் உங்கள் கணக்கில்தான். விதிமுறைப் பக்கத்தில் மொத்த நேரத்தோடு, யூ-டர்னுக்கு என்று தனி நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் வரும் ஸ்வீப் வண்டி அதை வைத்துத்தான் ஆளை ஏற்றும்.

எந்த பேஸைப் பார்க்கிறீர்கள். அந்த நொடிக்கான பேஸ் மேம்பாலத்தடியிலும் மரநிழலிலும் தாறுமாறாகக் குதிக்கும். திரையில் லேப் பேஸும் (ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி) மொத்த நேரமும் இருந்தால் போதும்.

இவை நான்கும் சரியாக இருந்தும் நேரம் போதவில்லை என்றால், உங்கள் 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். 80 நிமிடம் என்றால் 176, அதாவது 2:56. முதல் முறை என்பதற்கும் வெயிலுக்கும் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் கூட்டினால் 3:06. 10 கி.மீ.க்கே 90 நிமிடம் ஆகிறவருக்கு 3:28 வரும். 3:30 கட்-ஆஃப் உள்ள ஓட்டத்தில் அது கயிற்றின் மேல் நடப்பது. 3 மணி கட்-ஆஃப் என்றால் நடக்காத காரியம். இந்த முறை 10 கி.மீ. பிரிவில் ஓடிவிட்டு அடுத்த பருவத்துக்கு வருவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

## 14, 15 கி.மீ. வந்ததும் கால் இரும்பாகிறது

முதல் மூன்று கி.மீ.யைத் திறந்து பாருங்கள். ஆப்பில் கிலோமீட்டர் வாரியாக இருக்கும். திட்டம் 9:00, ஓடியது 7:30 என்றால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த வேகத்தில் நான்கரை நிமிடம் லாபம். 15-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் வீதம் ஆறு கி.மீ.யில் பன்னிரண்டு நிமிடம் நஷ்டம். விடியற்காலை இருட்டு, தாரை தப்பட்டை, பக்கத்தில் ஓடுகிறவர் என எல்லாம் சேர்ந்து தள்ளும். முதல் 3 கி.மீ.யை இலக்கைவிட 15 முதல் 20 விநாடி மெதுவாக வையுங்கள். முன்னால் போகிறவர் போகட்டும். அவர்களில் பாதிப் பேரை 16-ஆம் கி.மீ.யில் நடந்துகொண்டிருக்கையில் சந்திப்பீர்கள்.

நடையைத் திட்டத்திலேயே சேர்த்தீர்களா? களைத்த பின் நடப்பது தோல்வி, முதல் கி.மீ.யிலிருந்தே நடப்பது உத்தி. 8:00 பேஸில் நான்கு நிமிடம் ஓடி, 11:00 பேஸில் ஒரு நிமிடம் விறுவிறுவென நடந்தால் சராசரி 8:28. அப்படியே 21.4 கி.மீ. போனால் 3:01. இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்றாலும் 3:08-இல் முடியும். அது கடற்கரை உலாவும் நடையாக இருக்கக் கூடாது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை.

சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்கு வழியில் மாவுச்சத்து வேண்டும்: மணிக்கு 30 முதல் 60 கிராம். ஓடுகிறவர்களுக்கென்று சிறு பொட்டலத்தில் விற்கும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம், நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய அதே அளவு. முதல் ஜெல் 40-ஆவது நிமிடத்தில், பசி எடுக்கும்வரை காத்திராமல். கடலை மிட்டாய் நல்ல தீனிதான், ஆனால் ஓடிக்கொண்டே மென்றால் புரையேறும். பயிற்சியில் தின்று பார்க்காத எதையும் அன்றைக்குப் புதிதாகத் தின்னாதீர்கள்.

சூரியன். நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம் ஓடுகிறவருக்குக் கடைசி ஐந்தாறு கி.மீ. வெயிலில்தான். விடிந்த பிறகு கிலோமீட்டருக்கு 15 முதல் 30 விநாடி கூடுவது இயல்பு. அந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

லாங் ரன், அதாவது பயிற்சியில் ஓடும் நீண்ட ஓட்டம். மேற்சொன்ன எதிலும் பிழையில்லை என்றால் பயிற்சிதான் குறை. ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு முறையாவது 16 முதல் 18 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். ஓட்டம் இரண்டு வாரத்தில் இருந்தால் இப்போது ஓடிச் சரிக்கட்ட முடியாது. இலக்கு நேரத்தைத்தான் தளர்த்த வேண்டும்.

உடனே நிற்க வேண்டிய கட்டம்: நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுவது, தலைசுற்றிப் பார்வை மங்குவது, வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, பேச்சு குழறுவது, நேராக ஓட முடியாமல் தடுமாறுவது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி நிழலில் உட்காருங்கள், மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், யாரும் இல்லையென்றால் 108. "இன்னும் ரெண்டு கி.மீ.தானே" என்பது இந்த இடத்தில் எடுபடாத வாதம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

## மெதுவாக ஓடினாலே மூச்சு வாங்குகிறது

அது மெதுவான ஓட்டம் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் மெதுவான வேகம். ஒற்றைச் சொல்லாக வந்தால் இன்னும் குறையுங்கள், நடக்கக்கூட நேரலாம். ஆறு வாரம் இப்படி ஓடியும் மூச்சு இரைப்பு குறையவே இல்லையென்றால், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கட்டும். ஷூவால் ஆகாததை அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

## கொப்புளம்

எங்கே வந்திருக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

குதிகால் பின்புறம்: குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. லேஸ் கட்டும் முறையை மாற்றினால் தீரும். ஷூவில் மேலே, சற்றுப் பின்தள்ளி, பெரும்பாலானவர்கள் தொடாத ஓர் ஓட்டை இருக்கும். அதற்கு முந்தைய ஓட்டையிலிருந்து வெளியே வரும் லேஸை, அதே பக்கத்தில் அந்தக் கடைசி ஓட்டைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுக்க இழுக்காமல் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது லேஸை வலது வளையத்திலும், வலது லேஸை இடது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கிப் பின்பக்கமாக இழுத்து, வழக்கம்போல் முடிச்சுப் போடுங்கள். குதிகாலைக் கைப்பிடியாகப் பிடித்தது போல் இருக்க வேண்டும். பாதத்தின் மேல் அழுத்தக் கூடாது.

விரல்களுக்கு நடுவே: ஈரமும் சாக்ஸும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போடுகிற பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர், நைலான் கலந்த ஓட்டச் சாக்ஸ் வாங்குங்கள். நீங்கள் செய்யும் செலவுகளிலேயே இதுதான் மலிவு, பலனும் அதிகம். கிளம்பும் முன் விரலிடுக்கில் வாசலின். ஐந்து விரலுக்கும் தனி உறை உள்ள சாக்ஸ் சிலருக்கு ஒத்துவரும்.

முன்பாதத்தின் அடியில்: கால் உள்ளே முன்னும் பின்னும் சறுக்குகிறது. ஷூ பெரிது, அல்லது இன்சோல் (ஷூவுக்குள் பாதம் படும் கழற்றக்கூடிய மெத்தை) கசங்கி மடிந்திருக்கிறது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள், சாக்ஸின் தையல் மடிப்பும் அங்கே மாட்டும்.

உள்வளைவில்: இன்சோலின் விளிம்பு. முதலில் ஷூவோடு வந்த இன்சோலையே போட்டு ஓடிப் பாருங்கள். கடையில் தனியாக வாங்கிப் போட்டதுதான் பல நேரம் குற்றவாளி.

இன்னொன்று: தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கம். அது முதுகு வழியே, தொடை வழியே இறங்கி நேராக ஷூவுக்குள் போகும். 12-ஆம் கி.மீ.யில் சளக் சளக் என்று சத்தம் கேட்டால் 17-இல் கொப்புளம். பிடரியையும் முகத்தையும் ஈரக்கையால் துடையுங்கள், அல்லது முன்னால் குனிந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டதா? சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டி விட்டுவிடுங்கள். பெரிதாக வலித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை அழுத்தி எடுத்து, போவிடோன் அயோடின் தடவி மூடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கைக் கட்டு. சர்க்கரை உள்ளவர்கள் ஊசியைத் தொடவே வேண்டாம், நேராக மருத்துவரிடம். சீழ், சுற்றிலும் சிவந்து சூடாவது, மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் எல்லோருக்கும் அதே பதில்.

## கால்விரல் நகம் கறுக்கிறது

நகத்தை வெட்டினீர்களா? நேராக, ஒட்ட அல்லாமல், ஓட்டத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பு. முந்தின ராத்திரி வெட்டி ஓரம் குத்தி அவதிப்படுகிறவர்கள் ஏராளம்.

அடுத்து, கால் முன்னே சறுக்குகிறதா? மேலே கொப்புளம் பகுதியில் குதிகாலுக்குச் சொன்ன வளைய லேஸ் கட்டு இங்கேயும் உதவும்.

பிறகுதான் அளவு. இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து பார்த்தால் கணக்குத் தப்பும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், காலியாக இருக்க வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அதைத்தான் அளக்க வேண்டும். பக்கவாட்டில் பாதம் இன்சோலை விட்டு வழிந்தால் நீளம் கூட்டிப் பயனில்லை, அகலமான வகை வேண்டும். நம் கடைகளில் உள்ள யூ.கே. எண்ணில் ஓர் அளவு என்பது சுமார் எட்டரை மில்லிமீட்டர். அன்றாட ஷூவைவிட அரை அளவு முதல் ஓர் அளவு வரை கூட எடுப்பது வழக்கம். வாங்கப் போவது சாயங்காலம், ஓடும் சாக்ஸோடு. காலையில் இருக்கும் கால் சாயங்காலம் இருப்பதில்லை, 18-ஆம் கி.மீ.யில் இன்னும் பருத்திருக்கும்.

கறுத்து வலியில்லை என்றால் விடுங்கள். நகம் தானே விழும், பெருவிரலில் முழுதாக முளைக்க ஓராண்டுகூட ஆகும். விண் விண் என்று தெறித்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள், ரத்தத்தை வடித்துவிடுவார். வீட்டில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தும் வைத்தியம் வேண்டாம். அடிபடாமலே வந்து, நகம் வளர்ந்தும் நகராமல் நிற்கும் கறுப்புக் கோட்டைத் தோல் மருத்துவர் பார்க்கட்டும்.

## விரல் மரத்துப்போகிறது, பாதத்தின் மேல்புறம் வலிக்கிறது

நின்று லேஸைத் தளர்த்துங்கள். இரண்டு நிமிடத்தில் உணர்வு திரும்பினால் விஷயம் அவ்வளவுதான்: கிளம்பும்போது இறுக்கிக் கட்டிய ஷூவுக்குள் கால் பருத்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட புள்ளியில் அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நேராக மேலே ஏற்றி, அடுத்த ஓட்டையிலிருந்து குறுக்கே கொண்டுபோங்கள். ஷூவின் நாக்கு ஒரு பக்கம் ஒதுங்கி மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தளர்த்தியும், அகலமான ஷூ மாற்றியும், மூன்றாவது நான்காவது விரலுக்கு நடுவே மின்சாரம் பாய்வது போல் இருந்தால் நரம்புத் தடிப்பாக இருக்கலாம். எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் நுண்கீறல் இருக்கலாம். இரண்டுக்கும் எலும்பு மருத்துவர்.

## காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது

வீட்டுக்குள் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நடப்பதை இரண்டு வாரம் நிறுத்துங்கள். மெத்தென்ற செருப்பை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையை விட்டு இறங்கும் முன் துண்டை முன்பாதத்தில் மாட்டி முப்பது விநாடி வீதம் மூன்று முறை உங்கள் பக்கம் இழுங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள். வாரத் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

பிறகு ஷூவைச் சோதியுங்கள். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? பக்கவாட்டு நுரையில் நிரந்தரமான சுருக்கக் கோடுகள் விழுந்துவிட்டனவா? கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறதா, கல்லாக இருக்கிறதா? ஓட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கி.மீ. தாங்கும். வாரம் 25 கி.மீ. வீதம் 14 வாரம் என்றால் 350 கி.மீ.தான், ஒரே ஜோடியில் பயிற்சியும் ஓட்டமும் தாராளமாக முடியும். அதே ஷூவில் காய்கறி வாங்கவும், கோயிலுக்கும், ஆபீசுக்கும் போனால்தான் கணக்கு உதைக்கும்.

மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோ.

## முன்னங்கால் எலும்போரம் வலி, முழங்காலின் வெளிப்பக்கம் வலி

வாரத் தூரத்தைத் திடீரென்று ஏற்றினீர்களா? முன்னங்கால் எலும்பு வலிக்கு இதுதான் முதல் காரணம். பத்து நாள் குறைத்து ஓடுங்கள். அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டுங்கள்.

முழங்காலின் வெளிப்பக்கம் என்றால் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். பூங்கா, மைதானம் என்று சமதளத்துக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள்.

வலி பரவலாக இருந்து உடம்பு சூடானதும் குறைந்தால் தூரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஒரே புள்ளியில் இருந்து, ஓட ஓடக் கூடி, ராத்திரி படுக்கையிலும் வலித்தால், அல்லது ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். நுண்கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்றதும் மறுநாள் ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

## ஷூ ஈரமாகிறது, நாறுகிறது, அடிப்பாகம் பிரிகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது வாராந்திரக் கோளாறு. வந்ததும் இன்சோலை உருவித் தனியாக வையுங்கள், லேஸைத் தளர்த்துங்கள், ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் ஊறியிருக்கும், மாற்றுங்கள். ராத்திரி ஃபேன் அடியில். வாஷிங் மெஷின், ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில், பூட்டிய கார் டிக்கி: நான்கும் பசையைக் கொல்லும். மழைக்காலத்தில் பழைய ஜோடி ஒன்று கைவசம் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

முனையில் மட்டும் அரை அங்குலம் பிரிந்தால் தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் ஒட்டிக்கொள்ளலாம். மேலே ஊசி போட்டுத் தைக்க விடாதீர்கள். உள்ளே முடிச்சு உறுத்தும். ஒட்டிய ஷூ பயிற்சிக்கு மட்டும். பாதி நீளம் பிரிந்ததும், பல வருடம் பெட்டியிலேயே கிடந்து நுரை பொடிப்பொடியாக உதிர்வதும் ஒட்டுவதற்கு லாயக்கில்லை. பாதி விலைத் தள்ளுபடியில் வாங்கும்போது ஷூவின் நாக்கின் உட்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் புதிது வாங்கி, 12 கி.மீ. ஓட்டம் ஒன்றையும் சேர்த்து 40 கி.மீ.யாவது அதில் ஓடிவிடுங்கள். ஏற்கெனவே ஓடிய அதே மாடலின் அதே அளவே உத்தமம். கார்பன் தகடு வைத்தது வேண்டாம். ஒன்பது நிமிட பேஸில் அதற்கு வேலையில்லை, கெண்டைக்கால்தான் வலிக்கும். ஒரே வாரம்தான் இருக்கிறதென்றால் பழையதிலேயே ஓடுங்கள். எண் அட்டை வாங்கப் போகும் எக்ஸ்போ அரங்கில் முந்தின நாள் சாயங்காலம் வாங்கின ஷூவைப் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை பிரியுங்கள்.

ஓடும்போதே முனை பிளந்துவிட்டால் ஒரு லேஸின் நீளமான மிச்சத்தை அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டலாம் என்று தோன்றும். இரண்டு கி.மீ.யில் அறுந்து காலை வாரிவிடும். உதவி முகாமில் பிளாஸ்டர் டேப் கேளுங்கள்: ஷூவின் ஈரத்தைத் துடைத்து, முன்பாதம் மடியும் இடத்துக்கு முன்னால் மூன்று சுற்று. அங்கிருந்து நடை.